புறாவை முதல் வரிக்குக் கொண்டு வந்தது பற்றி நிவீன் சித்திக்கு

தமன்ஹூர்,
செவ்வாய் இரவு

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய நிவீன் சித்தி அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் ஷாஹிந்தா எழுதுவது. உங்களுக்கும், சித்தப்பாவின் முழங்காலுக்கும், அலெக்சாண்ட்ரியாவில் உங்கள் பால்கனிக்கு வந்து போகும் இரண்டு பூனைகளுக்கும் இறைவன் நல்ல சுகத்தைத் தரட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். இந்தக் கடைசி வரி மரியாதைக்காக எழுதியது. உண்மை நிலை கீழே வருகிறது.

நாளை அம்மா உங்களுக்கு அனுப்பப் போகும் ஃபத்தீர் நெய் ரொட்டிப் பெட்டியின் அடியில் இதை வைப்பதாக இருக்கிறேன். தாளில் நெய் படிந்திருந்தால் மன்னிக்கவும். கைபேசியில் எழுத வழியில்லை, இரவில் அது அம்மாவின் தலையணைக்கு அடியில்தான் உறங்குகிறது. நான் சமையலறையில், குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி நின்று நின்று ஓடுகிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அப்பா எழுந்துவிட்டார் என்று நினைத்து என் கையும் நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருக்கும் இடங்களில் அதுதான் நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

போன ரமலானில் நோன்பு திறந்த பிறகு, யாரோ ஒருவர் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கை அப்பா விளக்கிக்கொண்டே இருந்து, தட்டில் இருந்த கதாயிஃப் பலகாரம் எல்லாம் ஆறிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது "இதையெல்லாம் எழுதிப் போடுங்க அத்தான், உலகமே படிக்கட்டும்" என்று சொல்லி, அவர் கைபேசியை வாங்கி வலைப்பூ ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தது நீங்கள்தான். அவர் வாயை மூடுவதற்காகச் சொன்னீர்கள் என்கிறாள் அம்மா. அப்பாவோ அதை உலகத்தின் அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். வலைப்பூவுக்கு 'நீதியின் கலங்கரை விளக்கம்' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து நீதிமன்றத்திலிருந்து வந்ததும் கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி சோபாவுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்து நடந்து வழக்குகளையும், நீதிமன்றத்தில் எழுதித் தாக்கல் செய்த தன் வாதுரைகளையும் சொல்வார். நான் கட்டுரை ஏட்டில் குறித்துக்கொண்டு, பிறகு கைபேசியில் அடித்து ஏற்றுவேன். சின்னத் திரையில் அவருக்கு எழுத்து தெரிவதில்லை. தெரிந்தாலும் பார்க்கமாட்டார், தன் எழுத்தைத் தானே எடுத்துப் படிப்பது கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவுவது போன்றது என்று அவருக்கு ஒரு கொள்கை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். நான் படிப்பது வேறு கணக்கில் சேரும் போலிருக்கிறது.

தினமும் படுக்கப் போகும் முன் ஒரே கேள்வி.

"எத்தன பேரு, பொண்ணே?"

"நாலு பேருப்பா."

அந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள், நான், திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போன பெரியப்பா, கலங்கரை விளக்கத்தின் படம் தேடி வந்து தவறிப்போய் நுழைந்த யாரோ ஒருவர். மறுவாரம் பார்த்தால் நாலு மூன்றாகியிருந்தது. நீங்கள்தான் படிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், குறை சொல்லவில்லை. எண்ணிக்கையைக் கேட்டதும் அப்பா டீக் கோப்பையை மேசையில் வைப்பார். தொடக்கத்தில் நன்றாகச் சத்தம் கேட்கும்படி வைத்தவர், நாளாக ஆகச் சத்தமே வராமல் வைக்கத் தொடங்கினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அப்போது ஒரு புறா வழக்கு வந்தது. எங்கள் ஊரில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக் கூடு இருப்பதும், ஒருவன் கூட்டத்தைப் பறக்கவிட்டு இன்னொருவன் புறாவை இழுத்துக்கொள்வதும், இறங்கிய புறா இறங்கிய மாடிக்கே சொந்தம் என்று புறாக்காரர்கள் பேசிக்கொள்வதும், பேச்சு முற்றினால் அப்பாவிடம் வருவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பா அந்த வழக்கில் புறாவை வைத்துக்கொண்டவருக்காக வாதாடியவர். தன் வாதுரையை இளம் வக்கீல்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். முதல் பக்கம் முழுக்க நீதிமன்றத்துக்குப் புகழ்ச்சி. அடுத்து, உடைமை என்றால் என்ன என்று ஆதி மனிதனிடம் தொடங்கினார். புறா பதினான்காம் பக்கத்தில்தான் வந்து இறங்கியது. அங்கேயும் அதற்குப் பெயர் 'மேற்சொன்ன பறவை'.

நான் செய்தது இவ்வளவுதான், சித்தி. புறாவை முதல் வரிக்குக் கொண்டு வந்தேன். படிப்பவர்கள் புறாவுக்காகத்தானே வருகிறார்கள். பிறகு, அது சாம்பல் நிறம், ஒரு கால் மட்டும் சிவப்பு என்று அப்பா சாப்பிடும்போது சொன்னதைச் சேர்த்தேன். அதை அவர் வாதுரையில் விட்டிருந்தார். பன்னிரண்டு புகழ்ச்சிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்தேன். எடுக்க எடுக்கப் பக்கங்கள் காலியாகிப் பயமாக இருந்தது. அதனால் ஒரு பக்கத்தில் மட்டும், 'கனம் நீதிபதி அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. கட்சிக்காரர் தாள்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்துத் திருப்தி அடைவதற்காக இது சேர்க்கப்பட்டது. விஷயம் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது' என்று எழுதினேன். ஒன்பதாம் பக்கத்தில் அப்பாவின் உடைமைக் கோட்பாடுகளுக்குப் பதிலாக எனக்குத் தோன்றியதைப் போட்டேன்: 'இந்தப் புறாவை யாரும் கட்டிப் போடவில்லை. கூட்டின் கதவு எப்போதும் திறந்திருந்தது. பழைய எஜமானரின் மாடி அங்கிருந்து பார்த்தால் தெரியும். தினமும் காலையில் புறா பறந்து போனது, தினமும் மாலையில் இங்கே திரும்பி வந்தது. இதற்கு மேல் சாட்சி சொல்ல அதற்கு வாய் கிடையாது. ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்து, புறாவை அது தேர்ந்துகொண்ட வீட்டிலேயே இருக்கவிடுமாறு வேண்டுகிறோம்.'

அன்றிரவு நாற்பது பேர். அந்த வார இறுதியில் அஸ்வானிலிருந்தும் போர்ட் சயீதிலிருந்தும் கேள்விகள் வந்தன. சிவப்புக் கால் வலதா இடதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அப்பா சொன்ன வழக்குகளை எல்லாம் அப்படியே எழுதினேன். எல்லா வழக்கிலும் ஒரு புறா இருக்கிறது, சித்தி, ஆனால் வக்கீல்கள் அதைப் பதினான்காம் பக்கத்தில் ஒளித்து வைக்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்கில் அது ஒரு தையல் மெஷின். வாடகை வழக்கில் குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போன கதவு. வெள்ளிக்கிழமைகளில் கட்டுரை ஏட்டிலிருந்து அப்பாவின் சொந்த வாசகத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நீதிமன்ற வராந்தாவில் எழுத்தர்கள் அவர் முதுகில் தட்டிச் சிரித்தார்களாம். "ஜனங்களுக்கு ஒருவழியா ரசனை வந்திருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு முலூக்கியாக் கீரையைக் கிளறப் போனாள். டீக் கோப்பை மறுபடியும் சத்தத்தோடு மேசைக்கு வந்தது.

இந்த இடத்தில் நின்றிருக்கலாம். ஆனால் இந்த நாட்டு வக்கீல்கள் வாதுரை எழுதுவதில்லை, எடுக்கிறார்கள். ஒரு வழக்கு வந்ததும் கைபேசியில் தேடி, முதலில் வரும் மாதிரியை எடுத்து, பெயர்களை மாற்றித் தாக்கல் செய்துவிடுவார்கள். இது திருட்டு அல்ல, எல்லோரும் செய்வது. அப்பாவின் வாதுரைகளை யாரும் எடுத்ததில்லை, ஏனென்றால் அவை தேடினால் வருவதில்லை. இப்போது வருகின்றன.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு இன்னொரு புறா வழக்கு. ஹாஜி தஸூக்கியின் மாடியில் இறங்கிய புறாவைத் திருப்பிக் கேட்டு மஹ்ரூஸ் என்கிற பழக்கடைக்காரர் போட்டது. அப்பா ஹாஜியின் பக்கம். மஹ்ரூஸுக்கு வக்கீல், உஸ்தாத் ஷவ்கத். அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா ரொட்டியைக் கிழிக்காமலேயே கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

"அந்த நீதிபதி தலைய நிமிர்த்தி நான் பார்த்ததே இல்ல, ஷாஹி அம்மா. ஷவ்கத்தோட வாதுரையப் புரட்டிக்கிட்டிருந்தவரு, திடீர்னு நிமிர்ந்தாரு. சத்தமா படிக்க ஆரம்பிச்சிட்டாரு. 'இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை'ங்குது. நீதிபதியப் பார்த்து."

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அப்புறம் என்ன, அவரு ஒன்பதாம் பக்கத்துக்குப் போனாரு. படிச்சாரு. 'உஸ்தாத், இது நீங்க எழுதினதுதானே?'ன்னு கேட்டாரு. ஷவ்கத் எந்திரிச்சு, 'என் வாதுரையில் உள்ள ஒவ்வொரு சொல்லிலும் உறுதியாக நிற்கிறேன்'ங்கறான்."

வக்கீல்கள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். படிக்காத வாதுரையைப் படித்ததாகக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி கிடையாதாம்.

"நீதிபதி விடல. 'கடைசில இருக்கிற கோரிக்கையிலயுமா?'ன்னாரு. 'குறிப்பாக அதில்'ங்கறான். கோரிக்கை என்ன தெரியுமா? வழக்கத் தள்ளுபடி பண்ணணுமாம். அவன் போட்ட வழக்கு. அவனே கேக்கறான். நீதிபதியும், உங்க விருப்பப்படியேன்னு தள்ளுபடி பண்ணிட்டாரு. மஹ்ரூஸ் அங்கயே தர்பூசணி விக்கிற குரல்ல கத்தறான்."

"நீங்க என்ன வாதம் பண்ணுனீங்க?"

"எனக்கு எங்க வாய் திறக்க விட்டாங்க. இருபத்து மூணு பக்கம் கொண்டு போயிருந்தேன்."

அம்மா தலைத்துணியின் நுனியால் வாயைத் துடைப்பது போலச் செய்தாள். நான் தட்டில் இருந்த சோற்றுப் பருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஷவ்கத் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார், கோரிக்கையை மாற்றவில்லை. அது தன் வலைப்பூவிலிருந்து எடுத்தது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. பிறகு அவர் ஒன்று சொன்னார், சித்தி, அதை இன்னும் மறக்க முடியவில்லை. "கிறுக்கன்தான். ஆனா அந்த ஒன்பதாம் பக்கம் நல்லா இருந்துச்சு. ஷவ்கத்துக்கு அவ்வளவு தெளிவு எங்கேருந்து வந்துச்சு?" என்றார். அந்த ஷவ்கத் தன் பெயரையே இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடுகிறவர்.

நேற்று அவரே வந்துவிட்டார். கதவு வரைக்கும் வரவில்லை, மாடிப்படியில் நின்றே அப்பாவைக் கூப்பிட்டுத் தொடங்கினார். மூன்று மாடிக்கும் கேட்டது.

"லுத்ஃபி பே, வெளிய வாங்க. இளம் வக்கீலுங்களுக்கு மாதிரின்னு போட்டு, உள்ள கண்ணிவெடி வெச்சிருக்கீங்களே."

"என்னய்யா சொல்றே?"

"உங்க கலங்கரை விளக்கத்துலேருந்துதான்யா எடுத்தேன். கப்பல கொண்டுபோய்ப் பாறையில மோதிட்டீங்க."

அப்பாவின் முகம் கோபத்தில் சிவக்கும் என்று பார்த்தேன். சிவக்கவில்லை. "எங்கிட்டேருந்து எடுத்தியா?" என்று கேட்டார், யாரோ பரிசு கொடுத்தது போல. "என் எழுத்தையா?"

"ஆமா, உங்க எழுத்த. கேலியும் கிண்டலும்."

"கேலியா? என் எழுத்துல?" அப்பா படியில் ஒரு படி இறங்கினார். "இருபது வருஷமா இந்த ஊர் கோர்ட்டுல எழுதறேன். என் எழுத்துல சிரிக்க ஏதாவது இருந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், அங்கிய கழற்றிடறேன்."

"அது சத்தியம்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

உஸ்தாத் ஷவ்கத் சண்டைக்கு வரவில்லை, தகவல் சொல்லத்தான் வந்திருக்கிறார். வக்கீல்கள் சங்கத்தின் கிளைக் குழுவில் அப்பாவின் மேல் புகார் கொடுத்திருக்கிறார். சக வக்கீல்களை ஏமாற்றவும் நீதிமன்றத்தை இழிவுபடுத்தவும் வேண்டுமென்றே போலி மாதிரிகளை வெளியிட்டதாகப் புகார். வியாழக்கிழமை காலை விசாரணை. குழு நினைத்தால் அப்பா சில மாதங்களுக்கு நீதிமன்றம் ஏற முடியாமல் செய்யலாம். அப்பா அதைக் கேட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "நாளைக்குக் கீழ ஜெராக்ஸ் கடையில அந்த வாதுரைய அப்படியே அச்செடுத்து வை, பொண்ணே. குழு முன்னால நீட்டறேன். ஒரே ஒரு லேசான வார்த்தை இருந்தா காட்டட்டும்" என்றார்.

இன்று பள்ளி விட்டு வரும்போது அச்செடுத்தேன், இரண்டு கட்டுகளாக. ஒன்று வலைப்பூவில் இருப்பது. இன்னொன்று, கடைக்காரரின் கணினியில் மாலை முழுக்க உட்கார்ந்து நான் அடித்த அப்பாவின் சொந்த வாதுரை. இரண்டாவதைக் கொடுத்தால் அப்பா வியாழக்கிழமை வரைக்கும் நிம்மதியாக இருப்பார். ஆனால் குழுவிடம் வலைப்பூவில் உள்ளது ஏற்கெனவே இருக்கும், ஷவ்கத் விட்டிருக்கமாட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அப்பா பொய்த் தாளை நீட்டி நிற்பார். முதலாவதைக் கொடுத்தால் இந்த வீட்டில் வியாழக்கிழமை வரவே வராது, புதனோடு எல்லாம் முடிந்துவிடும். அவர் என்னை அடிக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். அவர் நம்பிய வாசகர்கள் ஒருவர்கூட அவருடையவர்கள் அல்ல என்று தெரிந்துகொள்வார். எனக்குப் பயம் அதுதான்.

ஆகவே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நீங்கள் வியாழக்கிழமை முதல் ரயிலில் வந்துவிடுங்கள். வந்து, எல்லாவற்றையும் நீங்கள்தான் எழுதியதாகச் சொல்லிவிடுங்கள். வலைப்பூ உங்கள் மின்னஞ்சலில் தொடங்கியது, அதனால் குழு நம்பும். நீங்கள் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன இந்தப் பழைய குளிர்பதனப் பெட்டி விஷயத்தில் உங்கள் மேல் அப்பாவுக்கு ஏற்கெனவே கோபம் இருக்கிறது. அதன் மேல் இது சேர்ந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மேலும் நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம், நான் இங்கேதான் இருந்தாக வேண்டும். கேலியெல்லாம் விளையாட்டுக்கு எழுதியது என்று சொல்லுங்கள். ஒன்பதாம் பக்கம் பற்றிக் கேட்டால் அதையும் நீங்கள் எழுதியதாகவே சொல்ல வேண்டியிருக்கும். வேறு வழியில்லை.

இந்த உதவியைச் செய்தால் உங்கள் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் ஒருநாளும் நிற்காமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் வேண்டிக்கொள்வேன். சித்தப்பாவுக்கு என் சலாமைச் சொல்லுங்கள், ஆனால் காரணத்தைச் சொல்லாதீர்கள். பூனைகளுக்கு மீன் தலை வாங்கிப் போடுங்கள். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், வியாழக்கிழமை காலைக்கு வேண்டிய தைரியமும் தரட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள் போன்ற
ஷாஹிந்தா லுத்ஃபி

பி.கு. விடிகிறது. அம்மா பெட்டியைக் கட்டுவதற்குள் இதை எழுதியாக வேண்டும். அப்பா அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்து வந்துவிட்டார். பாடம் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அச்செடுத்தியே, அதக் கொடு" என்றார். பையில் இரண்டு கட்டும் இருந்தன. அவர் குழுவின் முன்னால் பொய்த் தாளை நீட்டியபடி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. வலைப்பூவில் இருந்த உண்மையான கட்டைக் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தார். படிக்க வேண்டியதில்லை என்ற பக்கத்தையும் படித்தார். சிரிக்கவில்லை. நீங்கள் எழுதியதாகச் சொல்ல வாயைத் திறந்தேன், சித்தி, சத்தியமாகத் திறந்தேன். அப்போது அவர் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்திருந்தார். "இத எழுதினது யாரு? இது வக்கீல் எழுத்து" என்றார். என் வாய் 'நிவீன்' என்று சொல்ல மறுத்துவிட்டது. "நான்தான்" என்றேன்.

தாள்களை மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். "எல்லாத்தையுமா?" என்றார். "எல்லாத்தையும்." "அப்ப அந்த அஸ்வான்காரனுங்க..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். வலைப்பூ இன்றோடு மூடல், கைபேசியை இனித் தொடக்கூடாது, வியாழக்கிழமை பள்ளிக்குப் போகாமல் அவரோடு குழுவுக்கு வந்து நானே சொல்ல வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, குழுவுக்கு எழுத்தில் ஒரு பதிலும் தர வேண்டும், எழுதிக்கொள் என்று சொல்லத் தொடங்கினார். 'ஆதி மனிதன் காலம் தொட்டே அறிவுடையோர் போற்றி வந்த எழுத்துக் கலையானது...' என்பது முதல் வரி. பேனா நகரவில்லை. அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏன், இதையும் வெட்டுவியா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "சரி, வெட்டு" என்றார். தொழுகை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அரைப் பக்கத்தில் முடித்தோம். அவர் அதைத் தானே எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார்.

ஆகவே மேலே கேட்ட உதவியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், ஃபத்தீரைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். வியாழக்கிழமை வருவதானால் வாருங்கள், எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தயவுசெய்து யார் கேட்டாலும் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நான் எழுதியது.